எந்தப் பிரிவு, எந்தத் தேதி, யார் கையெழுத்து: மனநல மருத்துவமனையில் சேர்ப்பும் டிஸ்சார்ஜும் தகராறாகும்போது

"தம்பியக் கூட்டிட்டுப் போகணும் சார்."

"சேர்த்தவங்க வந்து கையெழுத்துப் போடணும்மா. அப்பத்தான் விடுவோம்."

"சேர்த்தது அவன் பொண்டாட்டி. அவ வரமாட்டேங்கிறா."

"அப்ப நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

தனியார் மனநல மருத்துவமனை ஒன்றின் வரவேற்பு மேசையில் என் காதுபட நடந்த பேச்சு இது. சட்ட உதவித் தன்னார்வலராக அலையும்போது இதே பேச்சை வேறு வேறு குரல்களில் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் வைத்திருப்பவரிடம்தான் வண்டியைக் கொடுப்பார்கள். அதே நினைப்புதான் இங்கேயும்: யார் விட்டார்களோ அவர்களே வந்து எடுக்க வேண்டும். மனிதருக்கு அப்படி டோக்கன் போடச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

அந்த அக்கா கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் மூன்று. தம்பியை எந்தப் பிரிவில் சேர்த்திருக்கிறீர்கள்? எந்தத் தேதியில்? எந்தெந்தக் கையெழுத்தின் பேரில்? இந்த மூன்றுக்கும் விடை கிடைத்தால் தகராறில் பாதி தெளிந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் மனநல மறுஆய்வு வாரியமும் (இப்படிப்பட்ட சேர்ப்புகள் சரியா என்று பார்க்கும் அமைப்பு) நீதிமன்றமும். இதில் புதிதாக மாட்டிக்கொண்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோயாளியோ குடும்பத்தினரோ, யாராக இருந்தாலும் வழி ஒன்றுதான். சிக்கலான வழக்காக இருந்தால் வக்கீலையும் பாருங்கள்.

முதலில் சட்டம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

இப்போது நடப்பில் இருப்பது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. அது 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. அதற்கு முன் 1987-ஆம் ஆண்டுச் சட்டம், அதற்கும் முன் 1912-இன் 'பைத்தியக்காரர்' சட்டம். 1987 சட்டத்தில், உறவினர் ஒருவரின் விண்ணப்பமும் இரண்டு மருத்துவச் சான்றிதழும் இருந்தால் ஒருவரை 90 நாள் வரை உள்ளே வைக்க முடிந்தது. "குடும்பம் கையெழுத்துப் போட்டால் போதும்" என்று ஊரில் இன்னும் நம்புவதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது. சில மருத்துவமனை அலுவலகங்களுமே அந்தக் காலத்தை விட்டு வெளியே வரவில்லை.

நம் மாநிலத்துக்கு இதில் ஒரு வடு உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்றைய சட்டத்தின் 95-ஆவது பிரிவு, மனநோயாளி யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏர்வாடிதான் நினைவுக்கு வரும்.

படி 1: எந்தப் பிரிவு என்று கேளுங்கள்

வாய்ப்பேச்சாக இல்லாமல் எழுத்தில் கேளுங்கள். எந்தப் பிரிவின் கீழ் சேர்த்திருக்கிறோம், அதை எதிர்த்து வாரியத்துக்குப் போகும் உரிமை உண்டு என்ற இரண்டையும் நோயாளிக்கும் அவர் சார்பில் பேசும் நியமனப் பிரதிநிதிக்கும் (அவர் யார் என்பது படி 2-இல்) சொல்லியாக வேண்டும் என்பது 22-ஆவது பிரிவு. நீங்கள் சலுகை கேட்கவில்லை.

பதில் பெரும்பாலும் 86, 89, 90 என்ற மூன்று எண்களில் ஒன்றாக இருக்கும். 18 வயதுக்குக் கீழே என்றால் 87.

*86: தன்விருப்பச் சேர்ப்பு.* நோயாளி தானே வந்து, புரிந்து, ஒப்புக்கொண்டு சேர்வது. இப்படிச் சேர்ந்தவர் டாக்டரின் சம்மதம் இல்லாமலேயே வெளியே போகலாம். மனைவி, அண்ணன், அப்பா யாருடைய கையெழுத்தும் தேவையில்லை. அவர் கேட்டால் உடனே டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும் என்கிறது 88-ஆவது பிரிவு.

அதே 88-இல் ஒரு விலக்கும் இருக்கிறது. தகராறு பிறப்பது அந்த இடத்தில்தான். வெளியே போக வேண்டும் என்று கேட்பவர் தன் முடிவின் தன்மையைப் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லை, அல்லது அண்மையில் தன்னையோ பிறரையோ தாக்க முயன்றிருக்கிறார், அல்லது தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத அளவுக்கு ஆபத்தில் இருக்கிறார் என்று மனநல வல்லுநர் (மனநல மருத்துவர், அல்லது பதிவுபெற்ற மனநல உளவியலாளர், செவிலியர் போன்றவர்) கருதினால், 24 மணி நேரம் நிறுத்தி வைத்துப் பரிசோதிக்கலாம். அந்த 24 மணி நேரத்துக்குள் ஒன்று 89-ஆவது பிரிவுக்கு முறைப்படி மாற்ற வேண்டும், இல்லையென்றால் விட வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. "பெரிய டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவார்" என்ற பதிலைச் சட்டம் ஏற்காது.

ஆகவே டிஸ்சார்ஜ் கேட்கும்போது ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள்: "நான் தன்விருப்பப்படி சேர்ந்தவன். இன்று என்னை டிஸ்சார்ஜ் செய்யக் கேட்டுக்கொள்கிறேன்." கையெழுத்துக்குக் கீழே தேதியோடு மணியையும் போடுங்கள். மாலை 4.20 என்றால் 4.20 என்றே எழுதுங்கள். 24 மணி நேரக் கணக்குக்கு அந்த மணிதான் சாட்சி. நகலில் நர்ஸிடம் கையெழுத்துக் கேளுங்கள். கொடுக்க மறுத்தால், தேதியும் நேரமும் தெரியும்படி அந்தத் தாளை மருத்துவமனையின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுங்கள்.

இன்னொரு விஷயம். தாளில் '86, தன்விருப்பம்' என்று இருக்கும், ஆளோ பூட்டிய கிரில்லுக்குள் நின்று "என்ன விடுங்க" என்று கத்திக்கொண்டிருப்பார். சேரும்போது மயக்கத்தில் வைத்த கைநாட்டாகவும் அது இருக்கலாம். 86 என்று எழுதிவிட்டால் வாரியத்துக்கு அறிக்கை அனுப்பும் வேலை இல்லை என்பதால் சில இடங்களில் எல்லாரையும் அதில் போட்டுவிடுகிறார்கள். அப்படி இருந்தால் உங்கள் வாதம் எளிது: தன்விருப்பம் என்றால் இப்போதே விடுங்கள், இல்லை என்றால் 89-இன் தாள்களைக் காட்டுங்கள்.

*89: ஆதரவுடன் சேர்ப்பு.* நோயாளிக்கு விருப்பம் இல்லாமல் சேர்ப்பது பெரும்பாலும் இந்தப் பிரிவில்தான். அதிகபட்சம் 30 நாள். இதற்கு மூன்று விஷயங்கள் ஒன்றுசேர வேண்டும். நோயாளியின் நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாளுக்குள்ளோ இருவர் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும்; அவர்களில் ஒருவர் மனநல மருத்துவர், மற்றவர் மனநல வல்லுநர் அல்லது வேறொரு மருத்துவர். மூன்றாவது, நோயின் கடுமை: அண்மையில் தனக்குத் தீங்கு செய்ய முயன்றார் அல்லது மிரட்டினார், பிறரிடம் வன்முறையாக நடந்தார் அல்லது அந்தப் பயத்தை உண்டாக்கினார், தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கிறார். இந்த மூன்றில் ஒன்றாவது இருவருக்கும் பட்டிருக்க வேண்டும். அதோடு, இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வழி வேறு இல்லை என்பதும் தெரிய வேண்டும்.

சேர்த்த பின் வாரியத்துக்கு மருத்துவமனை தகவல் அனுப்ப வேண்டும்: பெண்களுக்கும் சிறாருக்கும் 3 நாளுக்குள், மற்றவர்களுக்கு 7 நாளுக்குள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜூன் 1-ஆம் தேதி ஒரு ஆணைச் சேர்த்தால், ஜூன் 8-க்குள் வாரியத்துக்குக் கடிதம் போயிருக்க வேண்டும். ஜூன் 30-ஓடு 89 முடிகிறது. நடுவிலேயே மேற்சொன்ன காரணங்கள் இல்லாமல் போனால் அன்றே அந்தச் சேர்ப்பை முடித்துவிட வேண்டும், அவர் விரும்பினால் தன்விருப்ப நோயாளியாகத் தொடரலாம். 30 நாளும் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

89-இல் சேர்ந்து டிஸ்சார்ஜ் ஆனவரை, அந்தத் தேதியிலிருந்து ஏழு நாளுக்குள் திரும்ப 89-இல் சேர்க்க முடியாது. டிஸ்சார்ஜ் என்று தாளில் எழுதி, மறுநாள் புது அட்மிஷன் போட்டு 30 நாளைப் புதிதாக ஆரம்பிக்கும் தந்திரத்துக்கு இந்த விதி பூட்டுப் போடுகிறது.

*90: 30 நாளுக்கு மேல்.* இதற்கு இரண்டு மனநல மருத்துவர்கள் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். காரணமும் அண்மையில் ஒரு தடவை நடந்ததாக இருந்தால் போதாது, தொடர்ந்து அப்படி இருந்திருக்க வேண்டும். மருத்துவமனை 7 நாளுக்குள் வாரியத்துக்குத் தெரிவிக்க, வாரியம் 21 நாளுக்குள் அனுமதி தர வேண்டும் அல்லது டிஸ்சார்ஜ் செய்யச் சொல்ல வேண்டும். முதல் தடவை 90 நாள் வரை, அடுத்து 120 நாள் வரை, அதன்பின் ஒவ்வொரு தடவையும் 180 நாள் வரை. ஆக, மாதக்கணக்கில் விருப்பமின்றி உள்ளே இருக்கும் ஒருவருக்கு வாரிய உத்தரவு என்று ஒரு தாள் இருந்தே ஆக வேண்டும். அதைக் காட்டச் சொல்லுங்கள்.

சிறாருக்கு 87: பெற்றோர் அல்லது காப்பாளர் கேட்டு, மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவர் பார்த்து, பெரியவர்களோடு கலக்காமல் தனி இடத்தில், கூடவே ஆள் இருக்கச் சேர்க்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும்.

குற்ற வழக்கில் நீதிமன்றம் அனுப்பியவர்களுக்குப் பாதை வேறு. அது குற்ற விசாரணை முறைச் சட்டத்தோடு (2024 ஜூலை முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) பிணைந்தது, அதற்கு வக்கீல் இல்லாமல் நகராதீர்கள்.

படி 2: நியமனப் பிரதிநிதி யார்?

குடும்பத்துக்குள்ளேயே சண்டை என்றால் இந்தக் கேள்விதான் முடிச்சு. 18 வயது நிரம்பிய யாரும் தனக்கு ஒரு நியமனப் பிரதிநிதியை வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்து நியமிக்கலாம். முத்திரைத்தாள் வேண்டாம். அந்த ஆள் உறவினராக இருக்க வேண்டும் என்றும் இல்லை. நண்பராக இருக்கலாம். அவரும் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்.

அப்படி யாரையும் எழுதி வைக்காவிட்டால் வரிசை இது: முன்விருப்ப ஆவணத்தில் (எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் தாள்) பெயர் சொல்லப்பட்டவர், பிறகு உறவினர், பிறகு பராமரிப்பவர், பிறகு வாரியம் நியமிப்பவர், யாருமே இல்லாவிட்டால் சமூகநலத் துறை இயக்குநர்.

'உறவினர்' என்று மட்டும்தான் இருக்கிறது. மனைவி முன்னால் அக்கா பின்னால் என்று சட்டம் படிக்கட்டு கட்டவில்லை. அதனால்தான் முதலில் வந்து கையெழுத்துப் போட்டவர் பிரதிநிதியாகிவிடுகிறார். சொத்துத் தகராறோ கல்யாணத் தகராறோ பின்னணியில் இருந்தால் இது பொல்லாத ஆயுதம். அதற்கு மருந்து: உள்ளே இருப்பவர் தெளிவாகப் பேசும் நிலையில் இருந்தால், அவரே புதிய பிரதிநிதியை எழுதிக் கொடுக்கலாம். முடியாவிட்டால், இருக்கும் பிரதிநிதி நோயாளியின் நலனுக்காகச் செயல்படவில்லை என்று சொல்லி மாற்றும்படி வாரியத்தைக் கேட்கலாம்.

பிரதிநிதி எஜமானர் இல்லை. 89-இல் சேர்த்த பிறகும் ஒவ்வொரு சிகிச்சைக்கும் நோயாளியிடம்தான் முதலில் சம்மதம் கேட்க வேண்டும். கிட்டத்தட்ட எல்லா முடிவுக்கும் துணை தேவைப்படும் நிலையில் மட்டும் பிரதிநிதி தற்காலிகமாகச் சம்மதம் தரலாம். அப்போதும் நோயாளியின் திறனை 7 நாளுக்கு ஒரு தடவை மறுபடி பார்க்க வேண்டும். அடைத்து வைப்பது ஒரு கேள்வி, ஊசி போடுவது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே கையெழுத்தில் கட்டிவிடுவார்கள், ஏமாறாதீர்கள்.

படி 3: ஆளைப் பாருங்கள், தாளைக் கேளுங்கள்

"பத்து நாளைக்குப் பேஷண்ட்டைப் பார்க்க முடியாது, அதுதான் எங்க ரூல்" என்று சில இடங்களில் சொல்வார்கள். பார்வையாளர்களைச் சந்திக்கவும் போன் பேசவும் நோயாளிக்கு 26-ஆவது பிரிவில் உரிமை உண்டு. குறிப்பாக வக்கீல், நியமனப் பிரதிநிதி, வாரிய உறுப்பினர், நீதிபதி ஆகியோருடனான தொடர்பை மருத்துவமனை தடுக்கவே முடியாது. அதனால் உறவினராகப் போய் நிற்பதைவிட, நோயாளியின் வக்கீலாக ஒருவரைக் கூட்டிப் போவது பலன் தரும்.

மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமை 25-ஆவது பிரிவில் இருக்கிறது. கேஸ் ஷீட் கைக்கு வந்தால் டாக்டர் எழுதியதோடு நிறுத்தாமல் நர்ஸ் எழுதிய தினக்குறிப்புகளையும் வாசியுங்கள். ஒரு கேஸ் ஷீட்டில் முதல் பக்கத்தில் 'பிறருக்கு ஆபத்து' என்று இருந்தது. அடுத்த 12 நாளுக்கு நர்ஸ்கள் எழுதியிருந்தது: காலை உணவு சாப்பிட்டார், மருந்து எடுத்துக்கொண்டார், கேரம் ஆடினார், தூங்கினார். ஆபத்து எந்த நாளில் போனது என்று யாரும் எழுதவில்லை. ஆனால் போய்விட்டது என்று அந்த 12 வரிகளே சொல்லின. வாரியத்தின் முன் அதைவிட நல்ல சான்று எங்களிடம் இருக்கவில்லை.

கை கால் கட்டியிருந்தால் அதற்கும் தாள் உண்டு. உடனடி ஆபத்தைத் தடுக்க மட்டும், மனநல மருத்துவரின் அனுமதியோடு, காரணத்தை எழுதி வைத்துக் கட்டலாம். தண்டனையாகக் கட்டக் கூடாது, தனி அறையில் அடைக்கவே கூடாது.

படி 4: வாரியத்துக்கு மனு

மனநல மறுஆய்வு வாரியத்தில் மாவட்ட நீதிபதி தகுதியில் ஒருவர் தலைவர். மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதி, ஒரு மனநல மருத்துவர், ஒரு மருத்துவர், மனநோய் அனுபவம் உள்ளவர்கள் அல்லது அவர்களைப் பராமரிப்பவர்கள் தரப்பில் இருவர் என ஆறு பேர். வாரியம் உங்கள் மாவட்டத்துக்கு எங்கே கூடுகிறது என்று தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். மனநல மருத்துவமனையில் வைக்கப்பட்டிருப்பவர்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டமே இடம் தருகிறது. தொலைபேசி எண் 15100.

மனுவுக்குக் கட்டணம் இல்லை. நோயாளி, நியமனப் பிரதிநிதி, நோயாளியின் சம்மதத்தோடு ஒரு பதிவுபெற்ற தொண்டு நிறுவனம் ஆகியோர் மனு போடலாம். விதிவிலக்கான நிலையில் உள்ளே இருப்பவர் வாய்மொழியாகவோ போனிலோ சொன்னால்கூட வாரியம் ஏற்கலாம். அக்கா தங்கை என்ற உறவு மட்டும் இருந்து, பிரதிநிதியாக இல்லாவிட்டால், நோயாளியின் கையெழுத்தை வாங்கி அவர் பெயரிலேயே போடுங்கள். மனு நீளமாக இருக்க வேண்டாம். இப்படி இருந்தால் போதும்:

"பெறுநர்: தலைவர், மனநல மறுஆய்வு வாரியம். பொருள்: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 89-இன் கீழான சேர்ப்பை மறுஆய்வு செய்யக் கோருதல். ஐயா, நான் இந்த மருத்துவமனையில் ஜூன் 1 முதல் வைக்கப்பட்டிருக்கிறேன். என்னை எந்தப் பிரிவில் சேர்த்தார்கள் என்று எனக்கோ என் அக்காவுக்கோ எழுத்தில் தரவில்லை. என்னைத் தனித்தனியே இருவர் பரிசோதித்ததாக எனக்குத் தெரியவில்லை. ஜூன் 3 முதல் மருந்தை நானே எடுத்துக்கொள்கிறேன். வெளியே போனால் என் அக்கா வீட்டில் தங்கி, அரசு மருத்துவமனை வெளிநோயாளர் பிரிவில் சிகிச்சையைத் தொடர்வேன். என்னை நேரில் விசாரித்து, கேஸ் ஷீட்டை வரவழைத்துப் பார்த்து, டிஸ்சார்ஜ் செய்ய உத்தரவிட வேண்டுகிறேன்."

இதில் கடைசிக்கு முந்தைய வாக்கியம்தான் கனமானது. எங்கே தங்குவார், யார் பார்த்துக்கொள்வார், மருந்து எங்கே வாங்குவார் என்ற மூன்றும் இல்லாத மனு வாரியத்தில் தடுமாறும்.

89-ஐ எதிர்த்த மனுவை 7 நாளுக்குள்ளும், 90-ஐ எதிர்த்ததை 21 நாளுக்குள்ளும், மற்றவற்றை 90 நாளுக்குள்ளும் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் தாமதமாகும்போது, இந்த நாள் கணக்கைக் குறிப்பிட்டு நினைவூட்டுக் கடிதம் கொடுங்கள். அந்தக் கடிதத்தின் நகல் பிறகு உயர் நீதிமன்றத்தில் உதவும்.

விசாரணையில் என்ன பேசுவது?

வாரியம் நோயாளி இருக்கும் மருத்துவமனையிலேயே, வெளியாட்கள் இல்லாமல் விசாரிக்க வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் அங்கே போய் "அவனுக்கு ஒண்ணும் இல்லைங்க, நல்லாத்தான் இருக்கான்" என்று ஆரம்பிக்கும். அது தவறான வாசல். நோய் இருக்கிறதா இல்லையா என்பது கேள்வியே இல்லை. நோய் இருப்பவரும் வெளியே இருக்கலாம். ஆபத்து இப்போதும் இருக்கிறதா, வேறு வழி இல்லையா, சொன்ன தாள்கள் சொன்ன நாளில் போட்டார்களா என்ற இவைதான் கேள்விகள்.

முடிவெடுக்கும் திறன் பற்றி 4-ஆவது பிரிவு சொல்வதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தகவலைப் புரிந்துகொள்வது, முடிவின் விளைவை உணர்வது, முடிவைத் தெரிவிப்பது ஆகியவைதான் அளவுகோல். ஒருவரின் முடிவு மற்றவர் கண்ணுக்குத் தப்பாகத் தெரிகிறது என்பதற்காக அவருக்குத் திறன் இல்லை என்று சொல்ல முடியாது. சாதி மாறிக் கல்யாணம் செய்கிறாள், மதம் மாறுகிறான், வீட்டுப் பேச்சைக் கேட்கவில்லை என்பவை மனநோய்க்குச் சான்றாகாது என்று 3-ஆவது பிரிவும் சொல்கிறது. முன்பு ஒரு தடவை சிகிச்சை எடுத்திருந்தார் என்பதும் தனியாக நின்று சான்றாகாது.

வாரியத்தின் உத்தரவு உங்களுக்கு எதிராக வந்தால் 30 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

நேரே உயர் நீதிமன்றம் எப்போது?

ஆள் எங்கே இருக்கிறார் என்றே சொல்ல மறுக்கிறார்கள், பதிவே இல்லாத இடத்தில் வைத்திருக்கிறார்கள், எந்தப் பிரிவின் தாளும் இல்லை என்றால் ஆட்கொணர்வு மனுதான். சென்னையில் அல்லது மதுரைக் கிளையில் போடலாம். 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், வயது வந்த பெண் ஒருவரைக் குடும்பமும் போலீஸும் தனியார் ஆம்புலன்ஸும் சேர்ந்து வலுக்கட்டாயமாகத் தூக்கிப்போய் மனநல நிறுவனத்தில் அடைத்தது சட்டவிரோதம் என்று சொல்லி இழப்பீடும் வழங்கியது.

அந்த ஆம்புலன்ஸ் சமாச்சாரம் நமக்குப் புதிதில்லை. குடிநோய்க்கு மறுவாழ்வு மையம் என்று போர்டு போட்ட இடங்களுக்கு ஒரு போன் போதும். ராத்திரியில் நாலு பேர் வண்டியில் வந்து தூங்கிக்கொண்டிருப்பவரைத் தூக்கிப்போவார்கள், மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்வார்கள். குடியாலும் போதையாலும் வரும் மனநிலைகளும் இந்தச் சட்டத்தின் வரையறைக்குள்தான் வருகின்றன. ஆகவே மேலே சொன்ன பிரிவுகளும் நாள் கணக்கும் அங்கேயும் உண்டு. 'மூன்று மாத பேக்கேஜ்' என்று ஒரு பிரிவு சட்டத்தில் இல்லை. மாநில மனநல ஆணையத்தில் பதிவு பெற்ற இடமா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் அது தனிக் குற்றம், 107-ஆவது பிரிவில் அபராதம் உண்டு. பில் பாக்கி என்று ஆளைப் பிடித்து வைப்பதற்கும் எந்தப் பிரிவிலும் இடமில்லை. பாக்கியை வசூலிக்க மருத்துவமனைக்கு உரிமையியல் வழக்கு என்ற வழி இருக்கிறது.

நீங்கள் சேர்க்க நினைக்கும் குடும்பமாக இருந்தால்

இதுவரை படித்ததும் "அப்ப எங்க பாடு?" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். நியாயம்தான். மூன்று வாரமாகத் தூங்காமல், கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரில் விஷம் என்று குடிக்காமல் இருக்கும் மகனோடு ஒரே வீட்டில் இருப்பது எப்படி என்று சட்டம் எழுதியவர்களுக்கு முழுக்கத் தெரியுமா என்பது எனக்கும் சந்தேகம்தான்.

ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். 'மோசமா இருக்கான்' என்று எழுதுவதால் பயன் இல்லை. 'மார்ச் 3, இரவு 11 மணி, கிணற்றடியில் போய் நின்றான், சித்தப்பா பிடித்து இழுத்து வந்தார்' என்று எழுதுங்கள். 89-இல் டாக்டர்கள் தேடுவது இப்படிப்பட்ட வரிகளைத்தான். மிகைப்படுத்தி எழுதாதீர்கள். பொய்யாக ஒரு வரி பிடிபட்டால் உண்மையான பத்து வரியும் விழுந்துவிடும்.

உயிருக்கு ஆபத்து என்றால் பக்கத்து அரசு மருத்துவமனைக்கே போங்கள். எந்தப் பதிவுபெற்ற மருத்துவரும் 72 மணி நேரம் வரை அவசரச் சிகிச்சை தரலாம், பிரதிநிதி இருந்தால் அவர் சம்மதத்தோடு. ஷாக் சிகிச்சை மட்டும் அவசரத்தில் தரக் கூடாது. தெருவில் அலைந்துகொண்டிருந்தால் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அவரைப் பாதுகாப்பில் எடுத்து 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்கு மதிப்பீட்டுக்காகக் கொண்டுபோவது நிலைய அதிகாரியின் கடமை. லாக்கப்பில் வைக்கக் கூடாது. வீட்டுக்குள் ஒருவரைக் கொடுமைப்படுத்தினாலோ கவனிக்காமல் போட்டிருந்தாலோ மாஜிஸ்திரேட், மதிப்பீட்டுக்காக 10 நாள் வரை மனநல மருத்துவமனையில் சேர்க்க உத்தரவிடலாம்.

எங்கே ஆரம்பிப்பது என்றே தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

தலைகீழ்த் தகராறு: மருத்துவமனை விடுகிறது, வீடு வாங்கவில்லை

இதைப் பற்றி வெளியே பேச்சு குறைவு. குணமானவரைக் கூட்டிப் போகச் சொல்லிக் கடிதம் போட்டால் 'இந்த முகவரியில் இல்லை' என்று திரும்பி வரும். 19-ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: குடும்பம் இல்லை, குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை, ஊரில் வசதி இல்லை என்ற காரணங்களுக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது. இடைநிலை இல்லங்களும் குழு இல்லங்களும் அமைப்பது அரசின் பொறுப்பு. குணமான பின்னும் மருத்துவமனைகளிலேயே கிடப்பவர்களைப் பற்றி 2017-இல் உச்ச நீதிமன்றமும் மாநிலங்களைக் கேட்டது. இல்லங்கள் போதுமான அளவில் இல்லை என்பது கண்கூடு.

நீங்கள் வெளியே வர வேண்டியவராக இருந்து, வீட்டில் உங்களுக்குப் பங்கு இருக்கிறது, உடன்பிறந்தவர்கள் கதவைத் திறக்கவில்லை என்றால், குடும்ப வீட்டில் குடியிருக்கும் உரிமையைப் பெறச் சட்ட உதவி கேட்க அதே 19-ஆவது பிரிவு இடம் தருகிறது. மருத்துவமனையில் இருந்த காரணத்தால் மட்டும் நீங்கள் 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' ஆகிவிடவில்லை. அதை உரிய நீதிமன்றம்தான் சொல்ல முடியும்.

குடும்பத் தரப்பாக இருந்தால், டிஸ்சார்ஜுக்கு முன் 98-ஆவது பிரிவின் கீழ் உங்களோடு கலந்து பேசித் திட்டம் போட வேண்டியது மனநல மருத்துவரின் கடமை என்று கேளுங்கள். எந்த மாத்திரை, அடுத்த வருகை என்றைக்கு, மறுபடி மோசமானால் எந்த எண்ணுக்குப் போன் என்று எழுதி வாங்காமல் ஆட்டோவில் ஏறாதீர்கள்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில், தலை தெளிவாக இருக்கும் ஒரு காலை வேளையில், வந்தவர் கையிலேயே வெள்ளைத்தாளையும் பேனாவையும் கொடுங்கள். அடுத்த தடவை யார் தன் பிரதிநிதி என்று அவரே எழுதட்டும். எந்த மாதிரிச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்ற முன்விருப்ப ஆவணத்தைத் தனியாக வைத்துக்கொள்ளலாம், அதற்குச் சாட்சியும் வாரியப் பதிவும் என்று இன்னும் கொஞ்சம் வேலை உண்டு. அந்த அக்காவின் தம்பி எட்டு நாளில் வெளியே வந்தார். வந்ததும் முதலில் எழுதிய தாளில் அக்கா பெயரைப் போட்டார். மனைவிக்கும் ஒரு நகல் அனுப்பினார்.